இரவில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு: உங்கள் விளக்கு எங்கே பார்க்கிறது?

தினமும் இருட்டிய பிறகு வேலையிலிருந்து வீடு திரும்பும் ஒரு பெண், சென்ற மாதம் தன் சைக்கிளைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "1000 லூமென் விளக்கு வாங்கி மாட்டினேன். பள்ளம் மேடு தெரியவில்லை, எதிரே வருகிறவர்கள் திட்டிவிட்டுப் போகிறார்கள்" என்றார். விளக்கில் பழுது எதுவும் இல்லை. ஹேண்டில்பாரில் அது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. சாலைக்குப் போக வேண்டிய வெளிச்சம் எதிரே வருகிறவர்களின் கண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சைக்கிள் பழுது பார்க்கும் எனக்கு இது வாடிக்கையான காட்சி. விளக்கு வாங்குகிறவர்கள் பெட்டியில் அச்சிட்ட லூமென் எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். லூமென் என்பது விளக்கு உமிழும் மொத்த ஒளி. அந்த ஒளி எங்கே விழுகிறது என்று அது சொல்லாது. ஓர் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதைச் சொல்வது லக்ஸ். ஜெர்மனியில் சைக்கிள் முன்விளக்கு எதிரே வருகிறவரைக் கூசச் செய்யக் கூடாது என்பது சட்டம். அதனால் அங்கே விற்கும் விளக்குகள் கார் விளக்கைப்போல மேல்பக்க ஒளியை வெட்டிக் கீழே இறக்கிவிடுகின்றன. தார்ச் சாலையில் ஓட்ட அப்படிப்பட்ட விளக்கையே தேடி வாங்குங்கள். வட்டமாக ஒளி பரப்பும் விளக்கு, தாழ்ந்த கிளைகள் நிறைந்த காட்டுப் பாதைக்குத்தான் பொருந்தும்.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்? 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு நொடியில் 7 மீட்டர் கடந்துவிடுகிறோம். பள்ளத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்குள் அந்த நொடி போய்விடும். வண்டி நிற்க மேலும் ஐந்தாறு மீட்டர் ஆகும், ஈரச் சாலையில் இன்னும் கூடுதலாக. ஆகவே 20 மீட்டராவது தெளிவாகத் தெரிய வேண்டும். இதைச் சரிபார்க்க ஒரு சுவர் போதும். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிச் சைக்கிளை நேராக நிறுத்துங்கள். விளக்கு தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், ஒளியின் நடுப்பகுதி சுவரில் 75 சென்டிமீட்டர் உயரத்தில் விழ வேண்டும். அப்போது சாலையில் அது 20 மீட்டரில் இறங்கும். அந்தப் பெண்ணின் விளக்கை இப்படித்தான் சரிசெய்தேன். ஒரு திருகைத் தளர்த்தி, கொஞ்சம் குனியவைத்து, மறுபடி முடுக்கினேன். வேறு எதையும் மாற்றவில்லை.

முன்விளக்கைப் பற்றி இவ்வளவு கேட்கிறவர்கள் பின்விளக்கைப் பற்றிக் கேட்பதே இல்லை. எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். சீட்டுக்குக் கீழே தொங்கும் பை பாதி விளக்கை மூடியிருக்கும். மழைச் சட்டையின் ஓரம் மீதியை மறைக்கும். சில வண்டிகளில் விளக்கு சரிந்து பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவர் அதைப் பார்க்கவே முடியாது. புறப்படும்முன் வண்டியை யாரையாவது பிடிக்கச் சொல்லிவிட்டு, முப்பது அடி பின்னால் நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள். மினுக்கும் விளக்கு சட்டென்று கண்ணில் படும். ஆனால் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று இருட்டில் கணிப்பது கடினம். நிலையாக எரியும் விளக்கு ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். மினுக்கும் விளக்கு வேண்டுமென்றால் அதைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். பெடல் ரிஃப்ளெக்டரைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். அது மேலும் கீழும் ஏறி இறங்குவதைப் பார்த்ததும் போவது சைக்கிள் என்று பின்னால் வருகிறவருக்குப் புரிந்துவிடும்.

மழையைப் பொறுத்தவரை, விளக்கில் ஐபிஎக்ஸ்4 என்ற நீர்த்தடுப்புக் குறியீடு இருந்தால் அது தெறிக்கும் நீரைத் தாங்கும். சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூடி சரியாக அழுந்தியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நான் திறந்து பார்த்த பல விளக்குகளில் துரு தொடங்கியிருந்தது அங்கேதான்.

பெட்டியில் போட்டிருக்கும் எரியும் நேரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். பரவலாகப் பின்பற்றப்படும் எஃப்எல்1 அளவீட்டில், ஒளி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்வரை ஆகும் நேரம் முழுவதும் கணக்கில் சேரும். உங்கள் பயண நேரத்தைப்போல் இரு மடங்கு எரியும் விளக்காக வாங்குங்கள். பையில் சிறிய பின்விளக்கு ஒன்று, சார்ஜ் ஏற்றியபடி, எப்போதும் இருக்கட்டும்.