ஒருவர் அறிவாளி என்று எதை வைத்து முடிவு செய்கிறோம்?

பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஆல்பிரட் பினேவும் தியோடர் சிமோனும் 1905இல் பாரிஸில் தங்கள் நுண்ணறிவுத் தேர்வை வெளியிட்டபோது, அப்படி ஒரு தேர்வு ஏன் தேவை என்பதற்குக் காட்டிய சான்றுகளுள் மருத்துவர்கள் எழுதிய சான்றிதழ்களும் இருந்தன. ஒரே நோயாளியைச் சில நாட்கள் இடைவெளியில் பார்த்த வெவ்வேறு மருத்துவர்கள், அவருடைய அறிவுக் குறைபாட்டின் அளவைப் பற்றி வெவ்வேறாக எழுதியிருந்தார்கள். நாள்தோறும் இதையே தொழிலாகச் செய்தவர்களின் மதிப்பீடே இப்படி ஆளுக்கு ஆள் மாறியது என்றால், ஐந்து நிமிடம் பேசிப் பார்த்துவிட்டு ‘கெட்டிக்காரர்’ என்றோ ‘மந்தம்’ என்றோ முடிவு கட்டும் நம்முடைய மதிப்பீடு எதன் மேல் நிற்கிறது என்ற கேள்வி எழுகிறது.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920இல் இதற்கு ஒரு விடையைத் தந்தார். இராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருந்தவர்களுக்கு உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, நற்குணம் என்று தனித்தனியாக அளித்த மதிப்பெண்களை அவர் ஆராய்ந்தார். ஒன்றில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள் மற்றவற்றிலும் உயர்ந்தே பெற்றிருந்தார்கள். தனித்தனியாக எண்ணிப் பார்த்து அளித்த மதிப்பெண்கள் இந்த அளவுக்கு ஒன்றோடொன்று ஒட்டிப் போக வாய்ப்பில்லை. அறிவுக்கும் உடற்கட்டுக்கும் இடையிலான தொடர்பெண்ணே (தொடர்பே இல்லையென்றால் 0, முழுமையாக ஒத்துப்போனால் 1) 0.31 என்று வந்தது. ஆளைப் பற்றி மனத்தில் முதலில் படிந்த ஒட்டுமொத்தமான நல்லெண்ணமோ வெறுப்போ ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது என்றார் தார்ண்டைக். இதை ஒளிவட்ட விளைவு என்பார்கள்.

ஆனாலும் நம் கணிப்பு முழுக்க முழுக்கக் குருட்டுத்தனமானது என்று சொல்லிவிட முடியாது. 1990களில் ஜெர்மனியில் பீட்டர் போர்க்கனாவும் அனெட் லீப்லரும் 100 பேரைப் படம்பிடித்து, அவர்கள் ஒரு பகுதியை உரக்கப் படிக்கும் சிறு காட்சியை முன்பின் அறியாதவர்களுக்குக் காட்டி, அவர்களின் அறிவை மதிப்பிடச் சொன்னார்கள். ஒலியோடு பார்த்தவர்களின் மதிப்பீடு, நுண்ணறிவுத் தேர்வில் அந்த ஆட்கள் பெற்ற மதிப்பெண்ணோடு ஓரளவு பொருந்தியது. ஒலியை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் காட்டியபோது அந்தப் பொருத்தம் தளர்ந்தது. தடங்கலில்லாமல், தெளிவாக, பொருளுணர்ந்து படிப்பதில் அறிவின் சாயல் உண்மையிலேயே கொஞ்சம் தெரிகிறது போலும். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் அத்தகைய அடையாளம்தான் என்று நோரா மர்ஃபி 2007இல் காட்டினார். இவையெல்லாம் மெல்லிய தடயங்கள். கூச்சத்தாலோ திக்குவாயாலோ, அப்போதுதான் கற்றுக்கொண்ட மொழியில் பேச வேண்டியிருப்பதாலோ ஒருவருடைய பேச்சு தடுமாறினால், அதே தடயம் நம்மைத் தவறான இடத்துக்கு இட்டுச் செல்லும்.

தடயம் தெளிவில்லாமல் இருக்கும்போது என்ன நடக்கிறது என்பதை ஜான் டார்லியும் பேஜெட் கிராஸும் 1983இல் நடத்திய சோதனை நுட்பமாகக் காட்டியது. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் காணொளிப் படத்தை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்கள் பார்த்தார்கள். அவள் வசதியான புறநகரில் வாழ்வதாகச் சிலருக்கும், நலிந்த நகர்ப்பகுதியில் வாழ்வதாக மற்றவர்களுக்கும் காட்டப்பட்டது. இந்தப் பின்னணியை மட்டும் பார்த்தவர்கள், நியாயமாகவே, சிறுமியின் திறனைப் பெரும்பாலும் அவள் வகுப்புக்குரிய அளவிலேயே மதிப்பிட்டார்கள். இன்னொரு பகுதியினருக்கு, அதே சிறுமி தேர்வுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் காட்சியும் காட்டப்பட்டது. கடினமான கேள்வி சிலவற்றுக்குச் சரியாகப் பதில் சொல்வதும் எளிய கேள்வி சிலவற்றில் தவறுவதுமாக, எந்தப் பக்கமும் சாயாதபடி அமைக்கப்பட்ட காட்சி அது. இவர்கள் எல்லோரும் பார்த்தது ஒரே தேர்வுக் காட்சி. ஆனால் வசதியான வீட்டுப் பெண் என்று நினைத்தவர்கள் அவளை வகுப்புக்கு மேலேயும், ஏழை வீட்டுப் பெண் என்று நினைத்தவர்கள் வகுப்புக்குக் கீழேயும் வைத்தார்கள். அவள் எத்தனை கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னாள் என்ற கணக்கிலும்கூட இரு சாராரும் வேறுபட்டார்கள். பின்னணியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லத் தயங்கியவர்களுக்கு, கண்ணால் கண்ட சான்று ஒன்று கிடைத்ததும் அந்தத் தயக்கம் போய்விட்டது. கூடுதல் தகவல் முன்முடிவைத் திருத்தும் என்று நம்புகிறவர்களுக்கு, என்னையும் சேர்த்து, இது சங்கடமான முடிவுதான்.

எனினும் இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த சோதனை, லீ ராஸ், தெரசா அமபிலே, ஜூலியா ஸ்டைன்மெட்ஸ் ஆகியோர் 1977இல் வெளியிட்ட வினாடி வினாச் சோதனை. ஸ்டான்ஃபோர்டு மாணவர்களை இருவர் இருவராக அழைத்து, ஒருவர் கேட்பவர், மற்றவர் பதில் சொல்பவர் என்று சீட்டெடுத்துப் பிரித்தார்கள். கேட்பவர் தமக்குத் தெரிந்த எந்தத் துறையிலிருந்தும், கடினமான, ஆனால் விடை சொல்ல இயலாதவை அல்லாத பத்துக் கேள்விகளைத் தாமே அமைத்துக்கொள்ளலாம். பதில் சொன்னவர்களால் சராசரியாக நான்கு கேள்விகளுக்கே விடை கூற முடிந்தது. இதில் வியப்பு ஏதுமில்லை. தான் படித்த நாவலைப் பற்றியோ தன் ஊரின் ஆற்றைப் பற்றியோ மட்டும் கேட்கும் உரிமை கிடைத்தால், யாரும் யாரையும் திணற வைக்கலாம். தமக்குத் தெரியாத ஆயிரம் செய்திகளுள் ஒன்றைக்கூடக் கேட்பவர் வெளிக்காட்ட வேண்டிய அவசியமில்லை.

பாத்திரங்கள் சீட்டில் விழுந்தவை என்பதும் கேள்விகளைக் கேட்பவரே தேர்ந்தெடுத்தார் என்பதும் அனைவருக்கும் தெரியும். அப்படியிருந்தும், இருவருடைய பொது அறிவையும் நூற்றுக்கு மதிப்பிடச் சொன்னபோது, பதில் சொன்னவர்கள் தங்களுக்கு ஏறக்குறைய 41உம் கேட்டவர்களுக்கு 67உம் கொடுத்தார்கள். இதே போன்ற அமர்வை வெளியிலிருந்து பார்த்தவர்கள் இன்னும் தாராளமாக, கேட்டவருக்கு 82உம் பதில் சொன்னவருக்கு 49உம் அளித்தார்கள். இங்கே மதிப்பிடப்பட்டது பொது அறிவுதான், நுண்ணறிவு அன்று; ஆனாலும் நாம் அன்றாடம் ஒருவரைப் புத்திசாலி என்று சொல்வதற்குப் பின்னால் இயங்குவது பெரும்பாலும் இதே கணக்குத்தான். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில், தங்களுக்குப் பழகிய களத்திலேயே கேள்வி கேட்கும் தேர்வாளர்கள் மேதைகளாகவும், எதிரில் விழிக்கும் மாணவர் அரைகுறையாகவும் தெரிவதை ஆய்வாளர்களே இதற்கு இணையாகச் சுட்டினார்கள்.

காரணம் நம் கவனத்தின் போக்கில் இருக்கிறது. ஆள் கண்முன்னே நிற்கிறார், பேசுகிறார், திணறுகிறார். அவருக்கு அந்த இடத்தை ஒதுக்கிய சீட்டோ பதவியோ காட்சியில் இல்லை. அதை நினைவில் வைத்து மதிப்பெண்ணிலிருந்து கழிக்க வேண்டும் என்று அறிவுக்குத் தெரிந்தாலும், கழிப்பது எப்போதும் போதாமலேயே நின்றுவிடுகிறது.

அந்தச் சோதனையில் இந்த மயக்கத்துக்குப் பெரிதாக ஆளாகாத ஒரு சாரார் இருந்தார்கள். கேள்வி கேட்டவர்கள் தங்களுக்கு ஏறக்குறைய 54உம் எதிரில் இருந்தவருக்கு 51உம்தான் அளித்தார்கள். அந்தப் பத்துக் கேள்விகளைத் தாண்டினால் தங்கள் கையிருப்பு எவ்வளவு என்பது அவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது.