சாக்குருவியின் காது

தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் ராத்திரி நேரத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டால், லயத்துப் பாட்டிகளுக்கு அது சாக்குருவி. மறுநாள் யார் வீட்டில் இழவு விழுமோ என்று பேச்சு ஓடும். மலாயில் அது பூரோங் ஹந்து, பேய்ப் பறவை. நாம் பொதுவாக ஆந்தை என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். பறவை பார்ப்பவர்கள் கூகை என்பார்கள். ஆந்தையில் பல வகை உண்டு; இங்கே இந்தப் பெயர்கள் எல்லாம் குறிப்பது வெள்ளை முகம் கொண்ட ஒரே பறவையைத்தான். தோட்ட நிர்வாகத்துக்கு மட்டும் இது எலி பிடிக்கும் பறவை. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

செம்பனைப் பழத்துக்கு எலி பெரிய தொல்லை. குலையிலேயே ஏறிக் கடித்துத் தின்றுவிடும். 1968இல் ஜோகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கூகை கூடு கட்டியது பதிவானது. அப்புறம் தோட்டங்கள் கம்பம் நட்டு, கூகை கூடு கட்டப் பெட்டி வைக்கத் தொடங்கின. குஞ்சுகளோடு இருக்கும் ஒரு ஜோடி, ஆண்டுக்கு 1000 எலிகளுக்கு மேல் தின்னும் என்று சொல்கிறார்கள்.

இருட்டில் எப்படிப் பிடிக்கிறது? கண்ணும் கூர்மைதான், ஆனால் வேலையின் பெரும்பகுதி காதுக்கு. இதய வடிவ முகம் இருக்கிறதே, அது ஆஸ்ட்ரோ டிவி தட்டு மாதிரி ஒலியைக் குவித்துக் காதுக்கு அனுப்புகிறது. காதுத் துளைகள் இறகுக்கு அடியில், ஒரே மட்டத்தில் இல்லாமல் இருக்கின்றன. இடது துளை சற்று மேலே, கீழ்ப்பக்கத்து ஒலியை நன்றாகப் பிடிக்கும்; வலது துளை சற்றுக் கீழே, மேல்பக்கத்து ஒலியைப் பிடிக்கும். எந்தக் காதில் சத்தம் பலமாக விழுகிறது என்பதை வைத்து உயரத்தைக் கணிக்கிறது. எந்தக் காதுக்கு முதலில் வந்தது என்பதை வைத்து இடமா வலமா என்று தெரிந்துகொள்கிறது. அந்த நேர வித்தியாசம் ஒரு வினாடியில் லட்சத்தில் சில பங்குதான்!

மசகாசு கொனிஷி என்ற விஞ்ஞானி இதை இருட்டறையில் சோதித்தார். சத்தம் எழாத தரையில் ஓடிய எலி, சரசரக்கும் காகிதத் துண்டை இழுத்துக்கொண்டு போனது. கூகை பாய்ந்தது காகிதத்தின் மேல். ஒரு காதை அடைத்துவிட்டால் குறியும் தவறிப்போகும்.

கேட்டால் போதுமா, கேட்கப்படாமலும் பறக்க வேண்டும். சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற இறகுகளும், பின்விளிம்பில் மென்மையான குஞ்சமும் காற்றின் இரைச்சலைக் குறைக்கின்றன. சிறகு அகலம், உடம்பு லேசு. அதனால் மெதுவாகவே மிதந்து வர முடிகிறது.

பெட்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். கட்டைவிரல் பருமனில் கறுப்பு உருண்டைகள் கிடக்கும். எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் வாய் வழியாக உமிழ்ந்தவை அவை. ஒன்றை உடைத்தால் ஆரஞ்சு நிற முன்பற்களோடு எலி மண்டையோடு வரும். சனங்கள் பயப்படுகிற சத்தமும் இந்தப் பெட்டியிலிருந்துதான். குஞ்சுகள் தீனிக்காக இரவு முழுக்கப் புஸ் புஸ் என்று சீறும், பெரியவை கிறீச்சிடும். கூகை ஊ ஊ என்று கூவுவதே இல்லை.

இதன் எதிரி எலி மருந்துதான். வீரியமான புதுவகை மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடிக்கொண்டு திரியும். கூகைக்கு அது சுலபமான இரை. தின்ற கூகையையும் அந்த மருந்து கொன்றுவிடும். அதனால் மருந்தையும் பெட்டியையும் ஒரே தோட்டத்தில் வைப்பது வீண் செலவு.