பூச்சாடிக்குள் ஒருக்கால் டோர்ச் அடித்துப் பாருங்கள்

டெங்கு நுளம்பு பெருகும் இடம் தேடி இந்தக் கிழமை நான் போன மூன்றாவது வீடு இது. ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவருடையது. முற்றத்தில் ஒரு சருகு கிடையாது. கான் காய்ந்து கிடக்கிறது, கிணற்றுக்கு வலை போட்டிருக்கிறது. ஆனால் பேத்தி டெங்குவோடு ஆஸ்பத்திரியில்.

அரை மணித்தியாலம் வளவெல்லாம் தேடிவிட்டு ஹோலுக்குள் வந்தேன். மேசையில் பூச்சாடி. மாரி மழைக்குப் பூத்த ஜீனியா, இரண்டு ரோசா, நடுவில் குரோட்டன் இலை, எல்லாம் வீட்டுத் தோட்டத்துப் பூக்கள். அழகாகத்தான் இருந்தது. டோர்ச்சை அடித்தேன். மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த நுளம்புக் குடம்பிகள் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின.

"அதெப்பிடித் தம்பி? நான் தண்ணி மாத்துறனான்!"

மாற்றிக் காட்டுங்கள் என்றேன். ஒரு கையால் பூவைப் பிடித்துக்கொண்டு சாடியைச் சரித்தார். முக்கால்வாசித் தண்ணீர் போனது, பைப்பைத் திறந்து நிரப்பினார். அவ்வளவுதான். சாடி அசைந்ததுமே அடிக்கு ஓடிய குடம்பிகள் மிச்சத் தண்ணீரில் பத்திரமாக இருந்தன.

சரி, முழுத் தண்ணீரையும் ஊற்றியிருந்தால்? அப்போதும் போதாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சாடியின் உட்சுவரில் ஒட்டிவிடுகிறது. கரித்தூள் மாதிரி இருக்கும், ஒரு மில்லிமீற்றர்கூட வராது. கழுவி ஊற்றினால் போகாது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, நீங்கள் புதுத் தண்ணீர் நிரப்பும் அன்றைக்குப் பொரிக்கும். ஏழு முதல் பத்து நாளில் நுளம்பு பறக்கும். தேய்க்காமல் தண்ணீர் மாற்றுவது முட்டைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான்.

அதனால் கிழமைக்கொருமுறை பூவை வெளியே எடுங்கள். தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள். தும்பும் சவர்க்காரமும் போட்டு விளிம்புவரை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். தண்டின் நுனியை வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலைகளை உருவிவிட்டு வையுங்கள், பூவும் கூடுதல் நாள் நிற்கும். சோம்பலா? ஈரமணல் நிரப்பி அதில் குத்துங்கள். வெறும் சாடியைக் கவிழ்த்து வையுங்கள்.

ஃபிரிட்ஜுக்கு மேலே போத்தலில் வளர்க்கும் மணிபிளான்டுக்கும் இதேதான். சாமியறைச் செம்புக்கும்தான். இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2 அன்று சேமக்காலைக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் சாடிகளைத் தயவுசெய்து திருப்பி எடுத்து வாருங்கள். நம்மூரில் மாரி மழை தொடங்கும் நேரம் அது.

"புகை அடிக்க மாட்டீங்களா?" என்று உடனே கேட்பார்கள். புகை பறக்கிற நுளம்புக்கு. உங்கள் ஹோல் மேசையில் இருக்கும் முட்டையை அது ஒன்றும் செய்யாது. 2017 மார்ச்சில் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா டெங்குவால் பட்ட பாடு மறந்துவிட்டதா? அந்த ஆண்டு இலங்கை முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு. வீட்டில் குடம்பி இருந்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வழக்கும் போடலாம். ரீச்சருக்கு நான் போடவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகும் அவசரத்திலும், ஒரு தும்பை எடுத்துக்கொண்டு கிணற்றடியில் குந்திவிட்டார்.