கையை எடுத்த பிறகும் பாத்திரம் ஏன் நகர்கிறது?

“கேம் கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டேன். ஆட்டத்தில் பாத்திரம் தானாகவே இடப்பக்கம் நகர்கிறது. டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் போகவில்லை. வைரஸாக இருக்குமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வைரஸ் எதுவும் இல்லை. பெரும்பாலும் கன்ட்ரோலரில் கட்டைவிரலால் சாய்க்கும் ஸ்டிக்குக்கு அடியில் ஒரு கார்பன் பட்டை தேய்ந்திருக்கும். டிரைவரை, அதாவது கன்ட்ரோலரைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளை, நீக்கி நிறுவுவது நம் காலத்துப் பரிகாரம். எந்தத் தோஷத்துக்கும் அதையே செய்கிறோம்.

கணினி கன்ட்ரோலரையே கண்டுகொள்ளவில்லை என்றால் அது வேறு கதை. அதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் ஏற்ற மட்டுமே செய்த கேபிளில் தரவுக் கம்பிகள் இருக்காது. விளக்கு எரியும், கணினிக்கு ஒன்றும் தெரியாது. கேபிளை மாற்றிப் பாருங்கள். புளூடூத் விட்டுவிட்டு வேலை செய்தால் அதன் ரிசீவரை யூ.எஸ்.பி 3 ஹார்டு டிஸ்க்கிலிருந்து தள்ளி வையுங்கள். யூ.எஸ்.பி 3 கிளப்பும் மின்னிரைச்சல், புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே விழுகிறது. இன்டெல் 2012இல் இதை அளந்தே காட்டியது. ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை பதிவாகிறதா? ஆட்டங்களை வாங்கி ஆட உதவும் ஸ்டீம் போன்ற மென்பொருள் உருவாக்கிய போலிக் கன்ட்ரோலரையும் அசலையும் ஆட்டம் ஒரே நேரத்தில் படித்துக்கொண்டிருக்கலாம். ஒன்றை அணைத்துவிடுங்கள்.

சரி, ஸ்டிக்குக்கு வருவோம். அதன் பக்கவாட்டில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கும்: ஒன்று இட வல அசைவுக்கு, இன்னொன்று மேல் கீழ் அசைவுக்கு. பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திருகுவோமே, அதே வகைப் பாகம்தான். வளைந்த ஒரு கார்பன் பட்டை, அதை உரசியபடி நகரும் ஒரு உலோக நாக்கு. பட்டையின் ஒரு முனையில் பூஜ்ய வோல்ட், மறுமுனையில் முழு வோல்ட். நாக்கு நடுவில் நின்றால் பாதி. அந்த வோல்ட்டை ஒரு சில்லு எண்ணாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது. ஆட்டங்கள் கன்ட்ரோலரைப் படிக்கும் விண்டோஸின் எக்ஸ்இன்புட் முறையில் அந்த எண் -32768 முதல் 32767 வரை போகும். கையை எடுத்தால் 0 வரவேண்டும்.

வராது. புத்தம்புது ஸ்டிக்கில்கூட ஸ்பிரிங் அதை அச்சுப் பிசகாமல் நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்துவதில்லை. அதனால்தான் ‘டெட் ஸோன்’ என்று ஒரு ஏற்பாடு: நடுவைச் சுற்றி ஒரு சின்ன வட்டம், அதற்குள் வரும் எண்ணெல்லாம் பூஜ்யம். மைக்ரோசாப்ட் பரிந்துரைத்த அளவு இடது ஸ்டிக்குக்கு 7849, வலதுக்கு 8689. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஸ்டிக்கின் மொத்த ஓட்டத்தில் ஏறக்குறைய கால்பங்கு. நீங்கள் கவனமாக மெல்லச் சாய்க்கும் அந்தக் கால்பங்கை ஆட்டம் தூக்கி எறிந்துவிடுகிறது!

இதில்தான் ஆட்டம் எழுதுபவரின் கைவண்ணம் தெரியும். டெட் ஸோனைத் தாண்டியதும் எண்ணை மறுபடி 0இலிருந்து தொடங்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் நின்றிருந்த பாத்திரம் சட்டென்று கால்பங்கு வேகத்தில் பாயும். அப்புறம், வட்டமாக வெட்டாமல் இரண்டு அச்சுகளையும் தனித்தனியாக வெட்டினால், நேர் மேலே தள்ளும்போது லேசான பக்கச் சாய்வு தொலைந்துபோகும். துப்பாக்கிக் குறி நேர்கோட்டில் ஒட்டிக்கொள்வதுபோலத் தோன்றினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நாள்பட நாக்கு உரசி உரசிப் பட்டை தேய்கிறது, தூள் சேர்கிறது. நடு நகர்ந்து நகர்ந்து ஒருநாள் டெட் ஸோனை விட்டு வெளியே வந்துவிடும். வாசகரின் பாத்திரம் நடக்கத் தொடங்கியது அன்றுதான். விண்டோஸில் joy.cpl என்று தட்டினால் வரும் சோதனைப் பலகையில், ஸ்டிக்கை வெவ்வேறு திசைகளில் தள்ளிவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். குறி எப்போதும் ஒரே இடத்துக்குத் திரும்பினால் டெட் ஸோனைக் கூட்டிச் சமாளிக்கலாம். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நின்றால் ஸ்பிரிங்கோ உள்பாகங்களோ தளர்ந்திருக்கும். தொடாமலே நடுங்கினால் தூள் அல்லது தேய்ந்த பட்டை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்தால் கொஞ்ச நாள் தாங்கும். அதே பலகையில் இருக்கும் அளவுத்திருத்தத்தை நம்பவேண்டாம், எக்ஸ்இன்புட் ஆட்டங்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

உரசலே இல்லாத ஸ்டிக்கும் உண்டு. தண்டில் ஒரு காந்தம், எதிரே ஒரு உணரி. உணரிக்குள் மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கும்போது காந்தப்புலம் மின்னூட்டங்களை ஓரமாகத் தள்ளுகிறது. ஒரு ஓரத்தில் அவை சேர, குறுக்காக ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. காந்தம் நகர்ந்தால் அதுவும் மாறும். எட்வின் ஹால் என்ற ஆய்வு மாணவர் 1879இல் மெல்லிய தங்கத் தகட்டில் இதைக் கண்டார். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதே 1897இல்தான்! எது ஓரமாக ஒதுங்குகிறது என்பதே தெரியாத காலம். ‘இதனால் சமூகத்துக்கு என்ன பயன்?’ என்று இன்றைய நிதி விண்ணப்பம் கேட்டிருந்தால் ஹால் என்ன எழுதியிருப்பார்? அடிப்படை ஆய்விடம் அந்தக் கேள்வியை முதல் பக்கத்திலேயே கேட்பது எனக்கு எரிச்சலூட்டும் பழக்கம்.

சேகா நிறுவனம் 1998இல் வெளியிட்ட ட்ரீம்காஸ்ட் என்ற ஆட்டக் கருவியின் ஸ்டிக்கில் ஹால் உணரி இருந்தது. ஆனால் அதற்குப் பிறகும் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் கார்பனையே பிடித்துக்கொண்டன, கார்பன் மலிவு. இப்போது ஹால் ஸ்டிக்குகள் தனி உதிரிபாகமாகவும் கிடைக்கின்றன. ஸ்டிக்கைச் சுற்றுப்பலகையில் பிடித்திருக்கும் பத்துக்கும் மேற்பட்ட உலோகக் கால்களின் ஈயத்தை உருக்கி எடுக்கவேண்டிய வேலை என்பதால் பழகிய கைதான் தொடவேண்டும். மாற்றிய பிறகும் நடு விலகியிருந்தால் பயப்படவேண்டாம். சில கன்ட்ரோலர்கள் பழைய ஸ்டிக்கின் நடுவைத் தம் நினைவகத்தில் எழுதி வைத்திருக்கும், அதைப் புதிதாகப் பதியவேண்டியிருக்கும்.