படிகம் வளர்க்குற பேஸ்ட்: மோனோஒலீன் கதை

செல்லைச் சுத்தி இருக்கற கொழுப்புச் சவ்வுல நிறைய புரதங்கள் புதைஞ்சு கிடக்கு. வெளிய இருந்து வர்ற சிக்னலை உள்ள கடத்தறது இதுங்கதான். இப்ப புழக்கத்துல இருக்கற மருந்துகள்ல கிட்டத்தட்ட மூணுல ஒண்ணு, ஜிபிசிஆர்னு சொல்ற ஒரே குடும்பத்துப் புரதங்கள் மேலதான் வேலை செய்யுது. அதோட வடிவத்தை எக்ஸ்ரேல பாக்கணும்னா முதல்ல படிகமாக்கணும், சிக்கலே அங்கதான். சவ்வை விட்டு வெளிய எடுத்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிடும், டிடர்ஜென்ட் போட்டா அது புரதத்தோட இடுப்பைச் சுத்தி பெல்ட் மாதிரி மூடிக்கும், அப்புறம் புரதங்க நெருங்கி வரிசையா நிக்க இடம் ஏது?

இங்கதான் மோனோஒலீன் வருது. ஒலியிக் அமிலமும் கிளிசராலும் சேர்ந்த எஸ்டர், அதாவது ரெண்டும் பிணைஞ்சு உண்டான ஒரு வகைக் கொழுப்பு. தலை தண்ணியைத் தேடும், 18 கார்பன் நீள வால் தண்ணியைக் கண்டா ஒதுங்கும், அந்த வாலும் நேரா இருக்காது, நடுவுல இரட்டைப் பிணைப்பு இருக்கறதால மடங்கி நிக்கும். அதனால இது தட்டையா அடுக்காம வளைஞ்சு வளைஞ்சு அடுக்கும்.

செய்முறை ரொம்ப சிம்பிள். மூணு பங்கு உருக்கின மோனோஒலீன் ஒரு சிரிஞ்சுல, ரெண்டு பங்கு புரதக் கரைசல் இன்னொண்ணுல, ரெண்டையும் வாயோட வாய் இணைச்சு மாத்தி மாத்தி அழுத்தணும். முதல்ல வெள்ளையா கலங்கி இருக்கும், தள்ளத் தள்ள கண்ணாடி மாதிரி தெளிஞ்சிடும். தொட்டா கெட்டியான டூத்பேஸ்ட் மாதிரி (கை வலிக்கும்ங்கறது வேற விஷயம்).

உள்ள என்ன நடந்திருக்குன்னா, ஒரே சவ்வு முப்பரிமாணத்துல வளைஞ்சு நெளிஞ்சு பேஸ்ட் பூரா ஓடுது, அதுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு தண்ணிக் கால்வாய் வலை, அது ரெண்டும் எங்கயும் சந்திக்கவே சந்திக்காது! புரதம் தனக்குப் பழகின சவ்வுலயே உக்காந்துட்டு அப்படியே நகர்ந்து போகும். இப்ப மேல உப்புக் கரைசல் ஊத்தினா அங்கங்க சவ்வு தட்டையாகி, புரதங்க அங்க வந்து சேர்ந்து அடுக்கடுக்கா படிகமாகுதுன்னு நினைக்கறாங்க.

1996ல லாண்டா, ரோசன்புஷ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பாக்டீரியோரோடாப்சினை (வெளிச்சத்துல வேலை செய்யற ஒரு நுண்ணுயிரிச் சவ்வுப் புரதம்) வச்சு இதைச் செஞ்சு காட்டினாங்க. 2007ல பீட்டா-2 அட்ரினலின் ஏற்பியோட (இதுவும் ஒரு ஜிபிசிஆர்தான்) வடிவம் 2.4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம்னா மில்லிமீட்டர்ல கோடில ஒரு பங்கு) அளவுக்குத் துல்லியமா கிடைச்சது, அதுவும் கொலஸ்ட்ரால் கலந்த மோனோஒலீன்லதான். 2012ல இந்த ஏற்பி ஆராய்ச்சிக்கு கோபில்காவுக்கும் லெஃப்கோவிட்ஸுக்கும் வேதியியல் நோபல்.

ஒரு தொல்லை இருக்கு, ரூம் சில்லுனு 18 டிகிரிக்குக் கீழ போச்சுன்னா மோனோஒலீனே உறைஞ்சு படிகமாக ஆரம்பிச்சிடலாம், நாம புரதம்னு நினைச்சு சந்தோஷப்படறது வெறும் கொழுப்பா இருக்கும்.

இப்ப க்ரையோ-இஎம், அதாவது புரதத்தை உறைய வச்சு எலக்ட்ரான் நுண்ணோக்கியில பாக்கற முறை வந்தப்புறம் நிறைய புரதத்துக்குப் படிகமே வேண்டாம். ஆனா இந்தப் பேஸ்டுக்கு இன்னும் வேலை இருக்கு. படிகத்தோட சேர்த்து அதை மெல்லிசான நூலா பீச்சி, எக்ஸ்ரே லேசர் துடிப்புகள்ல ஒவ்வொரு படிகமா சுடறாங்க. 2016ல ஜப்பானோட சாக்லா லேசர்ல அதே பாக்டீரியோரோடாப்சின், வெளிச்சம் பட்டதும் எப்படி அசையுதுன்னு நானோசெகண்ட் கணக்குல படம் பிடிச்சாங்க.