ஸ்கிரிப்ட்டுக்குள் பாஸ்வேர்டை எழுதி வைக்காதீர்கள்

போன வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கும் தம்பி. "அண்ணா, தினமும் ராத்திரி ஸ்டாக் ரிப்போர்ட் தானா மெயில்ல போயிரும். இன்னிக்குப் போகல. என்ன எர்ரர்னு பாருங்க."

நோட்பேடில் திறந்திருந்த பவர்ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது விண்டோஸ் தானாகச் செய்ய வேண்டிய வேலையை வரிவரியாக எழுதி வைத்த ஃபைல். ஏழாவது வரியில் முதலாளியின் கம்பெனி மெயில் முகவரி. எட்டாவது வரியில் அதன் பாஸ்வேர்டு: மகளின் பெயர், பிறந்த வருடம், கடைசியில் ஒரு @. எர்ரரை நான் பார்க்கவே இல்லை.

"வேற யாருக்காச்சும் அனுப்புனீங்களா?"

"நம்ம கம்ப்யூட்டர் குரூப்ல போட்டேண்ணா. யாராச்சும் சொல்லுவாங்கன்னு."

இந்த மாதத்தில் இது மூன்றாவது. "நம்ம சிஸ்டத்துலதானே இருக்கு, யாரு பார்க்கப் போறா?" என்று மூன்று இடத்திலும் ஒரே பதில். அந்த ஃபைல் உங்கள் சிஸ்டத்தில் மட்டும் இருப்பதே இல்லை. பேக்கப் எடுக்கும் பென் டிரைவில் இருக்கிறது. ஷேர்டு ஃபோல்டரில் வைத்திருந்தால் ஆபீஸ் முழுக்க இருக்கிறது. வேலையை விட்டுப் போனவரின் லேப்டாப்பில் இருக்கிறது. பழுது என்றதும் நீங்களே படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறீர்கள்.

சிலர் பாஸ்வேர்டை பேஸ்64 என்ற எழுத்துமுறைக்கு மாற்றி வைத்துவிட்டு, "மறைச்சுட்டோம் சார்" என்கிறார்கள். அது பூட்டு இல்லை, எழுத்தை வேறு எழுத்தில் எழுதுவது, அவ்வளவுதான். திருப்பிப் படிக்க சாவி எதுவும் வேண்டாம், பவர்ஷெல்லிலேயே ஒரு வரி போதும். ஸ்கிரிப்ட்டை இஎக்ஸ்இ (கிளிக் செய்தால் ஓடும் புரோகிராம் ஃபைல்) ஆக்கிவிட்டால் பத்திரம் என்பதும் அதே கதைதான். அதற்குள்ளிருந்து பழைய ஸ்கிரிப்ட்டை அப்படியே வெளியே எடுத்துவிடலாம்.

மெயில் பாஸ்வேர்டு போனால் மெயில் மட்டும் போவதில்லை. உள்ளே வந்தவர் சத்தம் போடாமல், வரும் மெயிலைத் தனக்கும் அனுப்பச் சொல்லும் ஒரு ஃபார்வர்டிங் ரூல் போட்டுவிட்டுப் போவார். சரக்கு வாங்கும் பார்ட்டிக்குப் போகும் இன்வாய்ஸ்களைப் படிப்பார். ஒருநாள் உங்கள் பெயரிலேயே, "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது" என்று பார்ட்டிக்கு மெயில் போகும். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த ரூல் அங்கேயேதான் இருக்கும். அதையும் தேடி அழிக்க வேண்டும். பணம் போயிருந்தால் அடுத்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.

சரி, எப்படித்தான் அனுப்புவது? முதலில், அனுப்புவதற்கென்றே தனி மெயில் ஐடி ஒன்று. முதலாளியின் மெயிலை ஸ்கிரிப்ட்டில் தொடவே தொடாதீர்கள். ஜிமெயில் என்றால் 2022 மே மாதத்திலிருந்து தனிநபர் கணக்குகளில் வழக்கமான பாஸ்வேர்டு ஸ்கிரிப்ட்டில் வேலை செய்யாது. டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்து, இதற்கென்று கூகுள் தனியாகத் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்க வேண்டும். அதுவும் பாஸ்வேர்டுதான். அது கையில் இருந்தால் இன்பாக்ஸையே படிக்கலாம். தனி ஐடி என்று நான் கெஞ்சுவது அதனால்தான்.

அந்தப் பாஸ்வேர்டை, யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு வாங்கும் கெட்-கிரெடென்ஷியல் என்ற பவர்ஷெல் கட்டளையில் ஒருமுறை கொடுத்து, எக்ஸ்போர்ட்-கிளிஎக்ஸ்எம்எல் என்ற இன்னொரு கட்டளை மூலம் ஃபைலாக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் அதைப் பூட்டிவிடும். அதே சிஸ்டத்தில், அதே யூசர் லாகினில் மட்டுமே திறக்கும். பென் டிரைவில் காப்பி எடுத்துப் போனவருக்கு உதவாது. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்: ஃபைலைத் தங்கள் லாகினில் உருவாக்கிவிட்டு, குறித்த நேரத்தில் ஸ்கிரிப்ட்டை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில், விண்டோஸின் சொந்த அக்கவுண்டான சிஸ்டம் அக்கவுண்டைக் கொடுத்து ஓட்டுவார்கள். திறக்காது. "இது சரிப்படல" என்று மறுபடி பாஸ்வேர்டை நோட்பேடில் எழுதிவிடுவார்கள். எந்த யூசரில் டாஸ்க் ஓடுமோ, அந்த லாகினில் உட்கார்ந்து ஃபைலை உருவாக்குங்கள்.

மெயில் வெளியே போகும் வாசல் எண் போர்ட் 587, போகும் வழியில் யாரும் படிக்காமல் மறைக்கும் எஸ்எஸ்எல் ஆன். இதில் பேச்சே கிடையாது. பவர்ஷெல்லில் மெயில் அனுப்பும் சென்ட்-மெயில்மெசேஜ் கட்டளையை மைக்ரோசாஃப்டே காலாவதி என்று அறிவித்துவிட்டது. புதிதாக எழுதுபவர்கள் மெயில்கிட் என்ற லைப்ரரி பக்கம் போங்கள். டாஸ்க் ஷெட்யூலர் 0x0 காட்டினால் ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தது என்று மட்டுமே அர்த்தம், மெயில் போனதாக அர்த்தமில்லை. ஸ்கிரிப்ட்டில் பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் போட்டு, தவறினால் ஒரு லாக் ஃபைலில் எழுத வையுங்கள்.

தம்பியின் எர்ரருக்குக் காரணம் சின்னதுதான். நெட் கனெக்‌ஷன் மாற்றியிருக்கிறார்கள், ஸ்கிரிப்ட் மெயில் அனுப்பிய போர்ட் 25ஐ புது லைனில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முதலாளியைத் தூக்கத்திலிருந்து எழுப்பி பாஸ்வேர்டை மாற்ற வைத்து, எல்லா டிவைஸிலிருந்தும் லாக்அவுட் செய்து, ரூல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்போது மணி பன்னிரண்டே கால். குரூப்பில் போட்ட படத்தைத் தம்பி அழித்துவிட்டார். அதற்குள் முப்பத்தோரு பேர் பார்த்திருந்தார்கள்.