டைகாஸ்ட்: பொம்மைக் காருக்கும் ஒரு காஸ்ட்

என் அலமாரியை எட்டிப் பார்த்த சித்தப்பா, “இதெல்லாம் என்னல?” என்றார். “டைகாஸ்ட் கார், சித்தப்பா” என்றேன். “ஏல, பொம்மைக்குமா காஸ்ட் பாக்காவ?”

சிரித்துவிட்டாலும் கேள்வி நியாயமானதுதான். சாதியைச் சொல்லும் காஸ்ட் போர்த்துக்கீசியக் ‘காஸ்டா’விலிருந்து வந்தது. இந்தக் காஸ்ட் பழைய நார்ஸ் மொழிக் ‘காஸ்டா’. எறிதல் என்று பொருள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், உறவு எதுவும் கிடையாது. ‘டை’ என்பது முதலில் பகடைக்காய். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பிற்பாடு முத்திரைக் கட்டைக்கும் உலோக அச்சுக்கும் பெயரானது. ரூபிகான் ஆற்றைக் கடந்தபோது ரோமானியத் தளபதி சீசர் சொன்னதாக ஆங்கிலத்தில் வழங்கும் ‘தி டை இஸ் காஸ்ட்’ என்ற வாக்கியத்திலும் இதே இரண்டு சொற்கள்தான். அங்கே பகடையை உருட்டியாகிவிட்டது என்று அர்த்தம். இங்கே அச்சில் உலோகத்தை ஊற்றியாகிவிட்டது.

ஊற்றுவது என்பதும் முழுக்கச் சரியில்லை. இரண்டு பாதியாகச் செய்த எஃகு அச்சை இறுக மூடி, உருகிய துத்தநாகக் கலவையை அழுத்தத்தோடு உள்ளே தள்ளுவார்கள். முறுக்கு பிழிகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கலவைக்கு ஜமாக் என்று பெயர்: துத்தநாகம்தான் பெரும்பங்கு, அலுமினியம் சுமார் 4 சதவீதம், கூடவே கொஞ்சம் தாமிரமும் மக்னீசியமும். இறுகியதும் அச்சைத் திறந்து காரைத் தள்ளி எடுத்துவிட்டு, அதே அச்சை மறுபடி மூடுவார்கள். மெழுகில் உருச்செய்து சிலை வார்க்கும் ஸ்தபதி ஒரு சிலைக்கு ஒரு மண் அச்சை உடைக்க வேண்டும். இங்கே உடைப்பதே இல்லை. பழைய காரைத் திருப்பி உள்பக்கம் பார்த்தால் வட்ட வட்டமாகச் சின்னத் தடங்கள் தெரியும், அச்சிலிருந்து தள்ளிய ஊசிகளின் தடம்.

சின்ன வயதில் நாங்கள் இதை ‘இரும்புக் கார்’ என்றோம். காந்தம் வைத்துப் பாருங்கள், உடம்பில் ஒட்டாது. ‘உலோகக் கார்’ என்று சிலர் எழுதுகிறார்கள். தகரத்தை மடித்துச் செய்த பொம்மையும் உலோகம்தானே. டைகாஸ்ட் என்பது பொருளின் பெயர் இல்லை, செய்முறையின் பெயர். இதை மறந்துதான், டைகாஸ்ட் என்று நம்பி ஆன்லைனில் ஒரு லாரி வாங்கி ஏமாந்தேன். அடித்தட்டு மட்டும் உலோகம், மீதியெல்லாம் பிளாஸ்டிக்.

அதனால் டைகாஸ்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டால், என் ஓட்டு ‘அச்சுவார்ப்பு’க்கு. இரண்டு சொல்லுமே இங்கே புழக்கத்தில் இருப்பவை. உடன்குடிப் பக்கம் காய்ச்சிய பதநீரைச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. அங்கே சிரட்டைதான் அச்சு. அச்சு வெல்லம், அச்சு முறுக்கு எல்லாம் வேறு இருக்கிறது. ‘வார்ப்பு’ மட்டும் எங்கள் வீட்டுப் பேச்சில் குறைவு, நாங்கள் தோசையைச் சுடுகிறவர்கள். ஆனால் நாகர்கோவில் பக்கம் கல்யாண வீட்டில் பாயசம் வைக்கும் பெரிய பாத்திரத்துக்கே வார்ப்பு என்றுதான் பெயர்.

அச்சு உடையாது என்பதால் அது ஊர்விட்டு ஊர் போகவும் முடியும். லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 1934 முதல் டிங்கி டாய்ஸ் என்ற பெயரில் விற்ற கார்களில் சிலவற்றின் அச்சுகள் 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்தன. வெளியே வந்த கார்களுக்கு நிக்கி டாய்ஸ் என்று பெயர். சேகரிப்பவர்களில் சிலர் நிக்கியை மட்டமாகப் பார்ப்பார்கள். எனக்கு டிங்கியைவிட அதுதான் ஒட்டுதல். நிஜக் காருக்கும் இதே கதைதான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் அச்சுகள் வங்காளத்து உத்தர்பாராவுக்கு வந்து அம்பாசடர் ஆயின. 2014 வரை அந்த உருவம் பெரிதாக மாறவில்லை. அது வார்ப்பில்லை, தகட்டை அழுத்தும் அச்சு. ஆனால் அச்சு அச்சுதான்.

டைகாஸ்ட் கார்களில் கதையுள்ள இன்னொரு பெயர், மேட்ச்பாக்ஸ். 1953இல் லண்டனின் லெஸ்னி நிறுவனம் தீப்பெட்டி மாதிரி டப்பாவில் போட்டு விற்றதால் வந்தது. கோவில்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, சித்தப்பாவுக்கு வருவோம். ஜங்ஷனில் பல வருஷம் டாக்ஸி ஓட்டியவர். இத்தனையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு பழைய காரை எடுத்துக் கண்ணாடி மேசையில் உருட்டினார். அது ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

“அச்சு வளைஞ்சிருக்குல.”

எஃகு அச்சு எப்படி வளையும் என்று ஒரு நொடி குழம்பினேன். அவர் சொன்னது மயிலிறகு ஏற்றிய வண்டியிலும் முறியும் என்று குறள் சொல்கிற அச்சு, சக்கரத்தைக் கோக்கும் கம்பி. காந்தத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது.